பதினெட்டாவது டேக்

"கட்! பாட்டு முடிஞ்சு போச்சுங்க. இன்னும் எதுக்கு வாயைத் திறந்து வச்சிருக்கீங்க?"

டைரக்டர் போட்ட கத்தலில் அட்டை அரண்மனையே ஒரு முறை ஆடி நின்றது. இளவரசர் வேஷத்தில் இருந்த கதாநாயகர் மெதுவாக வாயை மூடினார். பதினேழாவது டேக்கும் போயே போச்சு.

ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மரக்கடைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்கும் சினிமாவுக்கும் ஏழாம் பொருத்தம். படத்தின் முதலாளி அவருடைய தங்கை புருஷன். அந்த மனுஷர் நெஞ்சுவலி என்று படுத்துவிட்டார். "அண்ணா, இந்தப் படம் நின்னுபோச்சுன்னா அவர் எழுந்திருக்கவே மாட்டார்" என்று தங்கை அழுதாள். கடையைப் பூட்டிவிட்டு இன்று காலையில்தான் வந்து இறங்கியிருந்தார்.

வந்த இடத்தில் இந்தக் கூத்து. சாயங்காலத்துக்குள் பாட்டை முடித்தாக வேண்டும். நாளைக்கு இந்தத் தளம் வேறு கம்பெனிக்கு. அரண்மனையைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். அதோடு படமும் படுத்துவிடும், மாப்பிள்ளை மாதிரியே.

"ஏன் சார், தெரியாமத்தான் கேக்கறேன். அந்த ஆள் இப்ப என்ன செய்யணும்?" என்றார் டைரக்டரிடம்.

"வாயசைக்கணுங்க. முன்னெல்லாம் கேமரா முன்னாடியே பாடிக்கிட்டு நடிக்கணும். இப்பப் புது முறை வந்திருக்கு. பாட்டைப் போன வாரமே ரெக்கார்டு எடுத்தாச்சு. தட்டு ஓடும். அதுக்கு ஏத்தாப்ல வாயசைச்சாப் போதும்."

"அப்ப, பாட வேண்டாம்?"

"வேண்டாங்க."

"வாயைத் திறந்து திறந்து மூடணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதாங்க."

"அடப்பாவி, அதை எங்க வீட்டு மாடு நாள் பூரா செய்யுதே!"

டைரக்டர் பெருமூச்சு விட்டுவிட்டு கேமராக்காரரிடம் போனார்.

கதாநாயகர் நெற்றி வியர்வையை ஒற்றிக்கொண்டே இந்தப் பக்கம் வந்தார். மாடு சமாசாரம் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"சொல்றது சுலபங்க. அந்தத் தட்டைக் கேட்டீங்கள்ல? 'நிலவே'ன்னு ஒரே ஒரு வார்த்தை. அதை மேலே ஏத்தி, அங்கேயே நிறுத்தி, வளைச்சு நெளிச்சு... அந்த இடத்துல மேலே போயிருக்கவே கூடாது. கீழே இறங்கியிருக்கணும். அதான் அழகு."

மரக்கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயசைக்க வக்கில்லை, இதில் பாடினவருக்குக் குற்றப்பத்திரிகை வேறா?

"இங்க பாருங்க. எனக்கு சங்கீதம் சுத்த சூனியம். தேக்கு தெரியும், வேங்கை தெரியும், அவ்வளவுதான். ஆனா காலையிலேருந்து பதினேழு தடவை அந்தக் குரலைக் கேட்டுட்டேன். பதினேழு தடவையும் உடம்பு சிலிர்த்துப் போச்சு. பாடினவர் சாதாரண ஆள் இல்லை, மகான்! அவரைக் குறை சொல்ல உங்களுக்கு என்ன யோக்கியதை?"

இவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டும் அந்த ஆளுக்குச் சூடு சொரணை இல்லை. கன்னத்துப் பவுடர் வெடிக்கும்படி முகமெல்லாம் பூரித்துப் போய் நின்றார்.

"நல்லாத்தான் இருக்கு, இல்லேங்கலை. ஆனா இன்னிக்குப் பாடினா இன்னும் நல்லா இருக்கும்" என்றார்.

"ஆமாமா, நீங்க போய் அவருக்குச் சொல்லிக் குடுங்க!"

பதினெட்டாவது டேக். தட்டு சுழன்றது. "நிலவே" என்று குரல் எழும்பியது. மரக்கடைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். வாயும் குரலும் ஒட்டிக்கொண்டு போயின. தங்கையின் முகம் மனசில் வந்து போனது. பிழைத்தோம் என்று நினைத்தார்.

எங்கே பிழைக்க? கதாநாயகர் கண்ணை மூடினார். கை தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. ரொம்பத் தெரிந்தவர் போலத் தலையை வேறு ஆட்டிக்கொண்டார். தட்டில் குரல் உச்சாணிக்குப் போனபோது வாய் மூடிக் கிடந்தது. குரல் ஓய்ந்தபோது வாய் ஆவென்று திறந்துகொண்டது. எதிரே நின்ற இளவரசி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகை இல்லை, சிரிப்பு.

"கட்!" என்று கத்தியது டைரக்டர் இல்லை, மரக்கடைக்காரர்.

"போதும் சாமி! டோப்பாவைக் கழட்டி வச்சுட்டு வீட்டுக்குக் கிளம்பு. இந்தப் படத்துல உனக்கு இனிமே வேலை இல்லை!"

கதாநாயகர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேக்கப் அறைக்குள் போய்விட்டார்.

டைரக்டர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். "ஐயா, அவசரப்படாதீங்க..."

"நீங்க பேசாதீங்க. மாப்பிள்ளை இடத்துல இருந்து சொல்றேன். பாடினாரே அந்த மகான், அவரையே கூட்டிட்டு வந்து நிறுத்துங்க. கிழவரா இருந்தாலும் சரி, தொந்தியும் தொப்பையுமா இருந்தாலும் சரி. காலைப் பிடிச்சாவது நானே சம்மதிக்க வைக்கறேன். அவர் பாடின பாட்டு அவருக்குத் தெரியாமப் போயிடுமா?"

டைரக்டர் மேக்கப் அறைக் கதவைப் பார்த்தார். அப்புறம் மரக்கடைக்காரரைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்! ஒரு தடவை பாடினதை மறுதடவை அப்படியே பாடறது வித்வானுக்குக் கேவலம்னு பதினெட்டு டேக்கா உசிரை வாங்கறதே அந்த மகான்தாங்க. காலைப் பிடிக்கறதா இருந்தா ஓடுங்க, டோப்பாவைக் கழட்டிட்டார்னா வண்டி ஏறிடுவார்!"