ஊர் சுற்றிய அசதி

"செருப்பைக்கூடக் கழற்றாம சோபாவுல விழுந்துட்டியே! எழுந்து ஒரு வாய் தண்ணியாவது குடி."

"பேசாதீங்க. அஞ்சே நிமிஷம். எனக்கு இன்னும் கார் ஓடிட்டே இருக்கு" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.

உண்மையிலேயே சோபா ஓடிக்கொண்டுதான் இருந்தது, அவளுக்கு மட்டும். மூடிய கண்ணுக்குள் மரங்களும் விளக்குக் கம்பங்களும் ஒவ்வொன்றாகப் பின்னால் நழுவின. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மாமியார் அவர்களை உட்கார விடவில்லை. பெரியம்மா வீடு, சித்தப்பா வீடு, குழந்தை பிறந்திருக்கும் நாத்தனார் வீடு, போதாக்குறைக்கு அந்த நாத்தனாரின் மாமியார் வீடு. ஒரு வாசல் பாக்கியில்லை.

"உங்க சொந்தக்காரங்க யாருக்குமே கீழ வீடு கிடைக்காதா? எல்லாரும் மூணாவது மாடி, நாலாவது மாடி!"

"நான் லிஃப்ட் மெக்கானிக்னுதான் பேரு. ஒரு வீட்டுலயாவது லிஃப்ட் இருந்துச்சா, சொல்லு?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் தெம்பில்லை. மின்விசிறி தலைக்கு மேல் முனகிக்கொண்டிருந்தது. சன்னல் வழியே வந்த மாலை வெளிச்சம் சுவரில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அவன் குனிந்து அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். வேண்டாம் என்று தடுக்க நினைத்தாள். கை எழும்பவில்லை.

"பெட்டியைப் பிரிச்சு என் துணியை எடுத்துட்டுக் கிளம்பணும். விடுதி கேட்டைப் பூட்டிடுவாங்க. விடிஞ்சா லேப்ல ரத்தம் எடுக்கணும். நோயாளிங்க வெறும் வயித்தோட வரிசையில வந்து நின்னுடுவாங்க."

"தெரியும். நானே கொண்டு விடுறேன்."

அந்தப் பெட்டி மட்டும் இல்லாவிட்டால் அவள் மேலே ஏறி வந்தே இருக்க மாட்டாள். புறப்படுகிற நேரத்தில் மாமியார் இரண்டு பேர் துணியையும் ஒரே பெட்டியில் அடைத்துக் காரில் ஏற்றிவிட்டாள். புருஷன் பெண்டாட்டிக்கு எதற்கு இரண்டு பெட்டி என்று நினைத்திருப்பாள், பாவம். அவர்களுக்கு விவாகரத்தாகி மாதக் கணக்காகிறது. மாமியாரிடம் சொல்லத்தான் இரண்டு பேருக்கும் துணிச்சல் வரவில்லை.

பெரிய சண்டை என்று ஒன்றும் இல்லை. எங்கெங்கோ லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை எல்லாம் மீட்டுவிட்டு அவன் வீடு திரும்பும்போது அவள் தூங்கிப்போயிருப்பாள். அவள் லேபுக்குப் புறப்படும்போது அவன் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். தூக்கம் கெட்ட இரண்டு பேர் பேசினால் அது பேச்சாகவா இருக்கும்? வார்த்தை தடித்து, கோர்ட் படி ஏறி, எல்லாம் முடிந்துபோனது.

"இந்தத் தடவை அத்தைகிட்ட விஷயத்தைச் சொல்லிடணும்னுதானே போனோம்?" என்றாள்.

"எங்கே சொல்ல விட்டாங்க? நான் வாயைத் திறக்கிறப்போ எல்லாம், 'கிளம்பு கிளம்பு, அடுத்த வீட்டுல காத்துட்டிருப்பாங்க'ன்னு அம்மா வாசல்ல போய் நின்னுடுறாங்க."

பிறகு அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இன்னிக்கு ஒரு ராத்திரி இங்கேயே தூங்கேன். காலையில சீக்கிரமே கொண்டு விட்டுடுறேன்."

சரி என்று சொல்ல அவளுக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது! விடுதிக் கட்டிலில் ஒரு நாளாவது இப்படிக் கண் சொருகியதுண்டா? ஆனால் எந்த உரிமையில் தங்குவது? வெட்கமாக இருந்தது.

"வேண்டாம். அஞ்சு நிமிஷத்துல எழுப்பிடுங்க."

"சரி" என்று அவன் சமையலறைக்குப் போய்விட்டான். அந்தச் 'சரி' அவளுக்குப் பிடிக்கவில்லை.

அவள் மறுபடி மாடிப்படி ஏறினாள். ஒவ்வொரு தளத்திலும் ஒரு கதவு திறந்தது. பெரியம்மா சிரித்தாள், சித்தப்பா கையசைத்தார், பச்சைக் குழந்தை கொட்டாவி விட்டது. கால் வலிக்கவே இல்லை. படிகள் பஞ்சாக அமுங்கின. உச்சி மாடியில் கதவு திறந்தால் உள்ளே இந்தச் சோபாதான் இருந்தது. அதில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

எங்கோ போன் அடித்தது. அவன் பாத்திரம் தேய்த்த சோப்புக் கையோடு ஓடி வந்து எதையோ அழுத்த, மாமியாரின் குரல் ஸ்பீக்கரில் கணீரென்று ஒலித்தது.

"வீடு போய்ச் சேர்ந்தீங்களாடா? அவ எங்கே?"

"மெதுவாப் பேசும்மா. சோபாவுல படுத்தவ அப்படியே தூங்கிட்டா. இதோ, எழுப்பத்தான் போறேன். அவளுக்கு நேரமாச்சு..."

"எழுப்பினியோ, தெரியும் சேதி! தீர்ப்பு வந்த அன்னிக்கே எனக்கு எல்லாம் தெரியும்டா. அந்த வீட்டுல அவ ஒரு ராத்திரியாவது அசந்து தூங்கணும்னுதானே, மூட்டு வலியோட ரெண்டு நாளா உங்களை மாடி மாடியா ஏத்தி இறக்கினேன்!"

போன் மணியிலேயே விழித்துவிட்டிருந்த அவள், இனி அவனே தட்டி எழுப்பினாலும் எழுந்துவிடக் கூடாது என்று கண்களை இறுக மூடிக்கொண்டாள்.