டேக்கில் இன்னொரு குரல்

இயக்குநரின் உதடு மறுபடியும் அசைந்தது.

அவருக்கே அது தெரியவில்லை. கேமராவை ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்புப் பேருந்தின் படியில் ஒரு காலை வைத்தபடி மராத்தி நாடக நடிகை வத்ஸலா தாயி திரும்புகிறார். கீழே புருஷன் வேடக்காரர் நிற்கிறார்.

"முப்பது வருஷம் உங்க வீட்டுல இருந்தேன். இனிமே கொஞ்ச நாள் என் வீட்டுல இருக்கேன்."

படத்தின் கடைசிக் காட்சி. படமே இதற்காகத்தான்.

"கட்," என்றார். கண் கலங்கியிருந்தது.

ஒலிப்பதிவாளர் ஜெபமணி ஹெட்போனைக் கழற்றினாள்.

"சார், டேக்ல ரெண்டு குரல் கேக்குது. ஒண்ணு தாயியோடது. இன்னொண்ணு உங்களோடது."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நேரமா அது? இது மூன்றாவது டேக்.

முதல் டேக்கிலும் இதே கதைதான். இரண்டாவதில் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார். கைக்குட்டைக்குள்ளிருந்தும் முணுமுணுப்பு வந்தது. ஜெபமணி அப்போதே தலையில் அடித்துக்கொண்டு தமிழில் ஏதோ சொன்னாள். மராத்திக்காரரான அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நன்றாகவே புரிந்தது.

ஐந்து மணிக்குத் தாயி கிளம்பியாக வேண்டும். கோலாப்பூரில் ஒன்பதுக்கு நாடகம். நாளையிலிருந்து ஊர் ஊராக ஒரு மாதம். சாத்தாரா பக்கத்து இந்தச் சின்னப் பேருந்து நிலையமும் இன்று ஒரு நாளுக்குத்தான் கிடைத்தது.

டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாமே என்றார் கேமராமேன். பேருந்துப் படியில் நின்று வருகிற குரல் ஸ்டூடியோவில் வராது. கேமராமேனுக்கும் அது தெரியும்.

தள்ளி நில்லுங்கள் என்று அவரிடம் சொல்லலாம். பதினோரு வருஷம் இந்த ஒரு நிமிஷத்துக்காகக் காத்திருந்த மனிதரிடம் யார் போய்ச் சொல்வது?

பதினோரு வருஷம். நாற்பத்து மூன்று தயாரிப்பாளர்கள். ஒவ்வொருவர் முன்னாலும் உட்கார்ந்து முழுக் கதையையும் நடித்துக் காட்டியிருக்கிறார். ஒருவர் அவல் உப்புமா தீரும்வரை கேட்டார். ஒருவர் தூங்கிவிட்டார். ஒருவர் தேம்பித் தேம்பி அழுதார். அழுது முடித்துவிட்டு, அந்த அம்மாவுக்கு இருபத்தைந்து வயசுன்னு ஆக்கிடலாமா என்று கேட்டார்.

நடுவில் வயிற்றுப்பாட்டுக்கு சீரியல் எழுதினார். கதையை மட்டும் விடவில்லை. ஆட்டோக்காரர், பல் டாக்டர், யார் கேட்டாலும் சொல்வார். இரண்டு மணி நேரம், எல்லா வேஷமும் அவரே. இன்று காலை பேருந்து ஓட்டுநர் பாண்டுரங்க காகா, பாவம், "என்ன கதை சாகேப்?" என்று தெரியாமல் கேட்டுவிட்டார். யூனிட்டே பதறிப்போனது. ஷாட் முடியட்டும், உட்கார்ந்து சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

மணி நாலே முக்கால்.

தாயி முகத்தை ஒற்றிக்கொள்ளக் கண்ணாடி வாங்கினார். கண்ணாடியில் பின்னால் நின்ற அவர் தெரிந்தார். இப்போதும் உதடு அசைந்துகொண்டுதான் இருந்தது. தாயி கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார்.

"போலாம்."

அவர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளே உதடு தயாராகிவிட்டது.

தாயி படியில் கால் வைத்தார். திரும்பினார். புருஷனைப் பார்த்தார்.

பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மாத்திரையச் சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டுக்காதீங்க. வயிறு எரியும்."

ஏறிக்கொண்டார்.

அவருடைய உதடு அசையவில்லை. அந்த வசனம் அவருக்குத் தெரியாது. நாற்பத்து மூன்று பேரில் ஒருவரிடம்கூட அதைச் சொன்னதில்லை.

புருஷன் வேடக்காரருக்கும் தெரியாது. என்ன செய்வதென்று தெரியாமல் கையைத் தொங்கவிட்டபடி நின்றார். பெண்டாட்டி போய்விட்டவன் அப்படித்தான் நிற்பான்.

பேருந்து நகர்ந்தது. அவர் 'கட்' சொல்லவில்லை. கைகள் வாயிலேயே இருந்தன. புழுதி அடங்குகிறவரை கேமரா ஓடியது.

ஜெபமணி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

பேருந்து ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தது. தாயி இறங்கி நேராக அவரிடம் வந்தார்.

"கோவமா? நாடகத்துல திரைக்குப் பின்னால வசனம் எடுத்துக் குடுக்கிறவன் சத்தம் ஜனங்களுக்குக் கேட்டுச்சுன்னா, நாங்க இதத்தான் செய்வோம். எழுதாததச் சொல்லிடுவோம். அவன் வாய் தன்னால மூடிக்கும்."

கோபப்படத்தான் பார்த்தார். வரவில்லை. பதினோரு வருஷம் இழைத்து இழைத்து வைத்திருந்த வசனம் போய்விட்டது. அதற்கு வருத்தமாவது வரவேண்டும். அதுவும் வரவில்லை.

கதையில் வரும் அந்தப் பெண் மாத்திரையைத்தான் சொல்லியிருப்பாள். இத்தனை வருஷம் வீடு, வீடு என்று பேசியதெல்லாம் அவரேதான்.

இனி அவளே பேசிக்கொள்வாள்.

அப்பாடா என்றிருந்தது. தாயியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தாயி அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கோலாப்பூருக்குக் கார் ஏறினார்.

பாண்டுரங்க காகா பேருந்தை நிறுத்திவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தார். அவர் எதையும் மறக்கிற ஆளில்லை.

"ஷாட்டுதான் முடிஞ்சிருச்சே. சொல்லுங்க சாகேப், என்ன கதை?"

லைட்மேன் மெதுவாக நழுவப் பார்த்தார். ஜெபமணி ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள்.

இயக்குநர் வாயைத் திறந்தார்.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

"படம் வரும். பாத்துக்குங்க காகா," என்றார்.

அப்புறம் ஒரு டீ கேட்டார்.