தலைவர் உடல்நிலை அறிக்கை

சகலமான ஜனங்களுக்கும் இதனால் தெரிவிக்கப்படுவது: நகரசபைத் தலைவரும் மாஜி சட்டசபை மெம்பருமான பொன்னுலிங்கம் பிள்ளையவர்களின் திருவயிற்றுக்குள் இன்று காலை மூன்று கரண்டி ஆரோரூட் கஞ்சி இறங்கியது.

முனிசிபல் பியூன் இதைச் சந்தை முக்கில் தண்டோரா போட்டு அறிவித்தான். தலைவர் பாரிச வாயுவில் விழுந்த நாள்முதல் தினமும் இப்படித்தான். இந்த ஏற்பாட்டைச் செய்துவைத்தவரும் தலைவர்தான், போன வருஷம் தமக்கு ஜலதோஷம் பிடித்தபோது.

கஞ்சியை இறக்கியவள் மனைவி தாணம்மாள். வாயோரம் வழிந்ததைத் துடைத்தாள், படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போட்டாள், கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துத் திருவனந்தபுரத்திலிருந்து ஊசி மருந்து வரவழைத்தாள். சாவித்திரி என்றது ஊர்.

"மெயில் வாறது வரைக்கும் தாங்குமா டாக்டரே?" என்று தினமும் கேட்பாள். மெயில் பஸ்ஸில்தான் மருந்தும் பத்திரிகையும் வரும். தாங்கும் என்று டாக்டர் நேசையன் சொன்ன பிறகுதான் அடுப்படிக்குப் போவாள்.

கூடத்து பெஞ்சில் தலைவரின் அக்காள் மகன் சுடலையாண்டி உட்கார்ந்திருந்தான். மாமாவைப் பார்க்க வந்ததாகச் சொன்னான். பார்த்ததெல்லாம் உத்தரத்தையும் கதவுகளையும். மருமக்கள் வழியில் மாமன் கண்ணை மூடினால் சொத்து மருமகனுக்கு. பெண்டாட்டி பிள்ளைகள் சட்டிபானையோடு வெளியே போகவேண்டியதுதான். தாணம்மாளுக்குக் கல்யாணமாகாத பெண்கள் இரண்டு.

"நீங்க ஒண்ணுக்கும் விசாரப்படாதீங்க அத்தை. வடசேரியில ஒரு குச்சுவீடு பாத்து வச்சிருக்கேன். வாடகை மட்டும் நீங்க கொடுத்தாப் போதும்" என்று முந்தாநாள் அவன் பரிவோடு சொல்லியிருந்தான்.

இந்த வழக்கத்தை மாற்ற முன்பு ஒரு மசோதா வந்தபோது, சட்டசபையில் எழுந்து நின்று அதைக் கவிழ்த்தவர் பொன்னுலிங்கம் பிள்ளைதான். அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆஸ்தி எதற்கு என்று அவர் கேட்க, சபை மேஜையைத் தட்டியது. அந்தப் பேச்சின் பேரில் ஊர் அவரைத் தலைவராக்கியது. தலைவர் பதவியில் இந்த மாடிவீடு எழும்பியது. வீட்டைச் சுற்றி எட்டுத் தெருவிளக்கு. மற்றபடி ஊர் இருட்டு.

அன்று சாயங்காலம் பியூன் மருந்துப் பார்சலையும் பத்திரிகையையும் கொண்டுவந்தான். பத்திரிகையைப் பிரித்த சுடலையாண்டி பெஞ்சைவிட்டு எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான்.

கவிழ்ந்த மசோதா இரண்டாந்தரம் சபைக்கு வந்து நிறைவேறியிருந்தது. மகாராணியும் கையெழுத்துப் போட்டாயிற்று. ஆண்பிள்ளையின் சொந்தச் சம்பாத்தியம் இனி மனைவி மக்களுக்கு.

"எப்பமிருந்து?" என்று மட்டும் கேட்டாள் தாணம்மாள்.

"நேத்தே அமலுக்கு வந்தாச்சாம்" என்றான், சுடலையாண்டியின் தோளுக்கு மேலாக எட்டிப் படித்த பியூன்.

சுடலையாண்டி செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினான். மாமாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

உள்ளே டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார். தலைவரின் வலது கைவிரல் அன்றுதான் முதன்முறையாக அசைந்திருந்தது. நேசையனுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. இன்னும் இரண்டு வாரம் விடாமல் போட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார், பிழைத்துக்கொண்டார் என்றே வைத்துக்கொள்ளலாம் என்றார்.

தாணம்மாள் தலைவரின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். அவர் கண் அவளையே பார்த்தது. பிறகு டாக்டர் கையிலிருந்த ஊசியை வாங்கி, பெட்டியில் வைத்து மூடினாள்.

"போரும் டாக்டரே. இனி அவருக்கு எப்பம் சௌகரியமோ, அப்பம் போகட்டும்."