யாரோடும் பங்கில்லாத லைன்

மாசாய் பிளாட்டின் கீழ்த்தளத்தில், கஸ்தூரி வீட்டு வாசலில் கூட்டம். ஃபைபர் இணையம் போட வந்த லெஸ்லி இரண்டு வழி சொன்னான். ஒரே இழையைப் பிரித்து எல்லா வீட்டுக்கும் தரலாம். பிரிக்கக் கரண்ட்டு தேவையில்லை. அல்லது வீட்டுக்கு ஓர் இழை. அதற்குப் படிக்கட்டடியில் கரண்ட்டுப் பெட்டி வேண்டும்.

"தனித்தனிதான்லா!" என்றார் குடியிருப்புச் சங்கத் தலைவர் ஐயாசாமி. "தோட்டத்து லயத்துல ஒரே தண்ணிப் பைப்புக்கு அடிச்சிக்கிட்டது போதும். பங்கு கேக்கறது பிச்சைக்காரப் புத்தி."

"படிக்கட்டுல அடிக்கடி கரண்ட்டு போகுதே அண்ணே," என்றாள் கஸ்தூரி. "பெட்டி செத்தா பிளாக்கே செத்துரும். வீட்லேருந்து சிங்கப்பூர் கம்பெனிக்குப் போன் எடுக்கறேன், என் வேலை போயிரும்."

"எனக்குப் பக்கத்து வீட்ல இருந்தும் புத்தி வரலியே ஒனக்கு! என் லைனப் பாரு. யாரோடயும் பங்கில்ல, எப்படிப் பறக்குது!" கைப்பேசியில் ஓடிய படத்தை எல்லாருக்கும் காட்டினார்.

அவர் சொன்ன வழிக்கு ஓட்டாகக் கைகள் உயர்ந்தன. கஸ்தூரி உள்ளே போய்த் தன் மோடத்தின் வயரைப் பிடுங்கிவிட்டு வந்தாள்.

அவர் கையில் படம் நின்றது.

"அலமாக்! மோடத்த அடைச்சிட்டியாம்மா? ஆன் பண்ணு!" என்று வாய்தவறிக் கத்திவிட்டார் ஐயாசாமி.

உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

"பங்கே வேணாம்னு ஊரைக் கூட்டிச் சொல்றீங்க," என்றாள் கஸ்தூரி. "அப்புறம் நான் எப்படி அண்ணே குடுக்கறது?"