சரஸ்வதியம்மாளின் கடைசி வரைவு

பகவதிப்பெருமாள் பிள்ளை கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தை விரித்தார்.

வஞ்சியூர் கோர்ட்டில் வக்கீல்கள் கூடம் நிறைந்து வழிந்தது. முன்வரிசையில் தலைமை நீதிபதி. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை அடுத்த மாதமே சர்க்கார் வக்கீல்.

அந்தக் கூடத்துக்குள் முதன்முதலாகக் கறுப்பு அங்கியோடு வந்த பெண் சரஸ்வதியம்மாள். அவருக்குத்தான் இரங்கல் கூட்டம். நான்கு பேர் பேசியாகிவிட்டது. மகளுக்குத் தலைவாரி, சோற்றுப்பாத்திரம் கட்டி, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் அம்மாள் கோர்ட்டுக்கு வருவார் என்று சொல்லி வக்கீல் சாம்பசிவன் மூக்கைச் சிந்தினார். அம்மாள் எந்த வழக்கை ஜெயித்தார் என்று மட்டும் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

எப்படி வரும்? ஜெயித்ததெல்லாம் பிள்ளையின் பெயரில் அல்லவா இருக்கிறது.

பதினெட்டு வருஷமாக அம்மாள் எழுதுவார், பிள்ளை வாசிப்பார். முன்கூட்டிப் படித்துப் பார்க்கும் வழக்கமெல்லாம் கிடையாது. நீதிபதியின் முன்னால் எழுந்து நின்ற பிறகுதான் முதல் வரியையே பார்ப்பார். எங்கே இரும வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதுகூட அடைப்புக்குறிக்குள் இருக்கும். இருமுவார், தாழ்த்துவார், கட்சிக்காரன் பிழைத்துக்கொள்வான்.

அதனால், அம்மாள் போய்விட்டார் என்ற செய்தி வந்ததும் பிள்ளைக்கு வந்த முதல் கவலை, இரங்கலுரையை யார் எழுதுவது என்பதுதான். அம்மாளிடமே போய்க் கேட்கவா முடியும்?

இன்று காலை அம்மாளின் மகள் பிச்சம்மாள் ஓர் உறையோடு வாசலில் வந்து நின்றாள்.

"அம்மை கெடையில கெடக்கும்போதே எழுதி வச்சிட்டா, மாமா. உங்களுக்கு ஆவசியம் வரும்னு சொன்னா."

பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. போன மாதம் இதே பெண் வக்கீல் சன்னது வாங்கிய கையோடு, ஜூனியராகச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டு வந்திருந்தாள்.

"பெம்பிள்ளையளுக்கு இது சரிப்படாது, மக்கா" என்று அனுப்பிவிட்டார். பிள்ளையே முடியாது என்ற பிறகு ஊரில் வேறு எவர் அவளுக்கு நாற்காலி போடுவார்? அம்மாளை நோயைவிட அந்தக் கவலைதான் அதிகம் அரித்தது.

பிள்ளை வாசிக்க ஆரம்பித்தார். இங்கிலீஷ் தங்குதடையில்லாமல் ஓடியது. தாய்மை வந்தது, தியாகம் வந்தது. '(இங்கே கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவும்)' என்று இருந்தது. கழற்றினார். கண் நிஜமாகவே நனைந்திருந்தது. அவருக்கே அது ஆச்சரியம். நல்ல மனுஷி. இனி யார் எழுதித் தருவார்கள்?

பக்கத்தைத் திருப்பினார்.

"அந்த மாதரசிக்கு என்னால் செய்யக்கூடிய மரியாதை ஒன்றுதான். அவர் மகளை இன்று முதல் என் ஜூனியராக ஏற்றுக்கொள்கிறேன் என்று தலைமை நீதிபதியின் முன்னிலையில் அறிவிக்கிறேன்."

வாசித்து முடித்த பிறகுதான் என்ன வாசித்தோம் என்பது பிள்ளைக்கு உறைத்தது. காகிதத்தை உற்றுப் பார்த்தார். அதே சாய்ந்த கையெழுத்து. அடுத்த வரியில் இருந்தது:

'(நீதிபதி தலையாட்டும்வரை நிறுத்தவும்.)'

வேறு வழி? நிறுத்தினார்.

நீதிபதி தலையாட்டினார். பெண்கள் வரிசையில் பிச்சம்மாள் எழுந்து, பிள்ளையைப் பார்த்துக் கைகூப்பினாள்.

பிள்ளைக்கு நாக்கு வறண்டது. கடைசி வரிக்குக் கண்ணை ஓட்டினார்.

'(இனி தண்ணீர் குடிக்கலாம்.)'

குடித்தார்.