கடைசிப் படியில் ஒரு பூனை

திரையில் பூனைப் படம் வந்ததும் கேள்விநாயகத்துக்குக் குப்பென்று வியர்த்தது. ‘இது என்ன பிராணி?’ என்று கேட்டது கணினி.

கேள்விநாயகம் என்பது அலுவலகம் வைத்த பட்டப்பெயர். மறதி நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைக்கான வினா வங்கி முழுவதும் அவர் எழுதியது. சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாக வரும். தப்பாகச் சொன்னால் சுலபமாக வரும். தப்புக்கு மேல் தப்பு செய்து கடைசிப் படிக்கு இறங்குகிறவருக்குத்தான் பூனை.

சரிபார்ப்பதற்காகத் தானே உட்கார்ந்து பதில் தட்டிக்கொண்டு வந்த அவருக்கோ, அத்தனையும் சரி என்பதில் சந்தேகமே இல்லை.

“போச்சும்மா! கஷ்டத்தையும் சுலபத்தையும் தலைகீழா ஏத்தித் தொலைச்சிருக்கேன்” என்றார், பக்கத்து மேஜையில் புரோகிராம் எழுதும் பெண்ணிடம். “நாளைக்கு இது ஆஸ்பத்திரிக்குப் போகுது. நல்லா இருக்கறவனுக்கு மாத்திரை குடுப்பாங்க. நோயாளியைக் கைகுலுக்கி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

“பதறாதீங்க சார். நான் பாக்கறேன்.”

“எப்படிப் பதறாம இருக்கறது? என் குடுமியைத்தான் பிடிப்பாங்க. அதுவும் இல்லாத குடுமி!” வழுக்கையைத் துடைத்துக்கொண்டார். “நாக்கு ஒட்டுதும்மா. ஒரு டீயாவது சொல்லேன்.”

“இப்பதானே சார் குடிச்சீங்க?”

“அதை டீன்னு சொன்னா டீ கோவிச்சுக்கும்.”

அவள் சிரித்துக்கொண்டே அவர் நாற்காலியில் உட்கார்ந்து, பரிசோதனையை முதலிலிருந்து தொடங்கினாள். அவர் பின்னால் நின்று நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

ஐந்து சொற்களைக் காட்டி மறைத்து, எவை என்று கேட்டது. சொன்னாள். அடுத்து முகங்களும் பெயர்களும். அதையும் சொன்னாள். பிறகு, காட்டிய கதையைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னது. பூனை பக்கமே போகாமல் கேள்விகள் விறுவிறுவென்று மேலே ஏறின. கடைசியாக, வங்கியிலேயே ஆகக் கடினமான கேள்வி வந்து நின்றது.

“அப்பாடா!” அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. “போன உயிர் வந்துச்சும்மா. நீ நல்லா இருப்பே. எங்க இருந்துச்சு தப்பு? எப்படிச் சரி பண்ணினே?”

அவள் திரும்பவில்லை. மவுஸின் மேல் இருந்த கை மட்டும் மெல்ல விலகியது.

“நான் எதையும் மாத்தவே இல்ல சார்.”