இன்னும் ஒரே அடி

தலைமைப் பண்புப் பயிற்சி நடக்கும் கூடத்தின் தரையெங்கும் காகிதக் கப்புகள் நிற்கின்றன. ஒன்று சாய்ந்தாலும் முதலிலிருந்து நடக்க வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஃபோர்மேனுக்குச் சீட்டுக் குலுக்கலில் வழிகாட்டியாக வாய்த்திருப்பவன் அவருடைய சொந்தத் தம்பி. ஒரே பட்டறையில் வேலை பார்த்தும் மூன்று வருடமாக முகம் கொடுத்துப் பேசாதவன். "இடது கால வைங்க," என்று யாரிடமோ சொல்வதுபோல் தொடங்கிய குரல் பாதி தூரத்தில் பதறுகிறது. "பாத்து... பாத்துண்ணா!" துணிக்குள் அவருக்குக் கண் கரிக்கிறது. ஜன்னல் வெயில் கன்னத்தில் சுடுகிறது. நடந்து சேர வேண்டிய எதிர்ச் சுவர் பக்கம் வந்துவிட்டது. "இன்னும் ஒரே அடி. நேரா வச்சா முடிஞ்சுது," என்கிறான் தம்பி. பட்டறையையே அதட்டி வேலை வாங்கும் ஃபோர்மேன், காலை மெல்லப் பக்கவாட்டில் நகர்த்தி, சாய்த்துவிட ஒரு கப் தட்டுப்படும்வரை தேடுகிறார்.